கண்ணாடிக்கு இரண்டு முத்திரை

வட்டம் வரைவது சுலபம் என்று சொல்கிறவர்கள் வரைந்து பார்த்ததில்லை. கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் வட்டம் வந்துவிடும், வாஸ்தவம்தான். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டத்தை மயிரிழை ஏறாமல் இறங்காமல் உட்கார வைப்பதில்தான் ஆளின் யோக்கியதை தெரியும். கண்ணால் பார்த்து உத்தேசமாக வைக்கிறவர்களை நான் ஆபரேட்டர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்து 'அலைன்' கொடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டால் வேறு வேலைக்குப் போகலாம்.

ஆரணியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தார்கள், நான் ஒருத்தி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டுப்புடவைப் பெட்டிக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மாறி மாறி வரும். கல்யாணமோ சாவோ எனக்கு எல்லாம் ஓரம், நடு, இடைவெளிதான். வாடிக்கையாளர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு எண்ணெய்க் கையால் திரையைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி முகத்துக்காகப் பொறுத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஓர் உள்ளாட்சித் தேர்தலில் கடை நிரம்பி வழிந்தது. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, சீப்பு என்று வீட்டுச் சாமான்களாகத்தான் கொடுப்பார்கள். ஒரே ஊரில் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேரும் எங்களிடமே வருவார்கள். காலையில் ஒருவருக்கு வரைவேன், மத்தியானம் அவருடைய எதிரிக்கு வரைவேன். ஒருவர் வேலையை இன்னொருவரிடம் பேசக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. எனக்குப் பேசவும் ஆசையில்லை.

பெரணமல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர்களுக்குப் பூட்டுச் சின்னம். அங்கே தலைவர் பதவியைக் காலனிப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஊரின் பெரிய நிலக்காரர் தன்னிடம் வேலை பார்க்கிற ஒருவரின் மனைவியை நிறுத்தியிருந்தார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததேயில்லை. நோட்டீஸுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி ஆண்கள். 'இப்படிக் குத்தவும்' என்று காட்டுவதற்குப் பூட்டின் மேல் வாக்குச்சாவடி முத்திரையை வைத்து, நடுவுக்கு அலைன் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மறுநாள் ஓர் அம்மா தனியாக வந்தார். நாற்பது வயதிருக்கும். அதே ஊர், அதே காலனி, அதே பதவிக்கு எதிர் வேட்பாளர். நிலக்காரர் பேச்சைக் கேட்காமல் மனு போட்டிருந்தார். சின்னம் மூக்குக்கண்ணாடி. உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனு போட்ட நாளிலிருந்து யாரும் தன்னைக் களை எடுக்கக் கூப்பிடுவதில்லை என்றார். ஊர்த் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"ஜெயிச்சா எங்க தெருவுக்குக் குழா போட்டுடுவேம்மா. தோத்தா நான் அந்த ஊர்ல குடியிருக்க முடியாது, பொழப்பத் தேடி எங்கனா போவணும்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வட்டம் வரைந்தேன். இப்படி ஆளுக்கொரு கதையோடுதான் வருவார்கள். எல்லாவற்றுக்கும் உருகினால் சாயங்காலத்துக்குள் வேலை ஓடாது.

கண்ணாடி நன்றாக வந்தது. ஒரு வட்டத்தை நகலெடுத்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, நடுவில் வளைவை இணைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தாலும் இணைப்பு தெரியவில்லை. அதன் மேல் முத்திரையை வைத்து வழக்கம்போல் நடு கொடுத்தேன். அது போய் மூக்கின் மேல் உட்கார்ந்தது. வளைவு மறைந்து, கண்ணாடி இரண்டாக உடைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா உச்சுக் கொட்டினார். சரியென்று முத்திரையை நகர்த்தி இடது வட்டத்துக்குள் நடுவாக வைத்தேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கண்ணடிக்கிற மாரி கீதும்மா."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஒரு கண் திறந்து, ஒரு கண் மூடி, சாட்சாத் கண்ணடிப்பு. பொம்பளை ஓட்டுக் கேட்டு விடுகிற நோட்டீஸில் இது இருந்தால் ஊர்ப் பையன்கள் சும்மா விடுவார்களா, பேஜார் பண்ணியே துரத்திவிடுவார்கள் என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலது பக்கம் மாற்றினாலும் அதே கதைதான். முத்திரையைச் சிறிதாக்கினால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. கடைசியில் அவரே வழி சொன்னார், இரண்டு வட்டத்திலும் ஒவ்வொன்று போட்டுவிடும்படி. நகலெடுத்து வைத்தேன். இரு பக்கமும் ஒத்துப்போய்ப் பார்க்க லட்சணமாக இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பார்த்து ஜனங்கள் இரண்டு குத்தினால் ஓட்டு செல்லாமல் போய்விடப் போகிறது என்று எச்சரித்தார். தன் தெருவில் ஒரு வீடு விடாமல் போய், ஒன்றே ஒன்று குத்தச் சொல்லி வாயாலேயே புரிய வைத்துவிடுவதாக அந்த அம்மா சொன்னார். கண்ணடிக்கிற நோட்டீஸ் மட்டும் வேண்டாம் என்றார். முதலாளி தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டதை வரைவது என் வேலை. அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஊரின் சீப்பை எடுத்தேன், பல்லுக்குப் பல் இடைவெளி சமமாக வர அன்று முழுக்க மல்லுக்கட்டினேன்.

தேர்தல் முடிந்தது. ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில், நாங்கள் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றும்போதே அந்த அம்மா வந்து நின்றார். கையில் ஒரு டஜன் வாழைப்பழம். ஜெயித்துவிட்டார். முதலாளி டீ சொன்னார். நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்கிற ஆளில்லை, ஆனாலும் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

எண்ணிய இடத்தில் நடந்ததைச் சொன்னார். கண்ணாடிக்கும் பூட்டுக்கும் கிட்டத்தட்டச் சமமாகவே போயிருக்கிறது, பூட்டு கொஞ்சம் முன்னால். அப்போதுதான் இரண்டு முத்திரை குத்திய சீட்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒன்று, இரண்டு என்று வந்தவை கடைசியில் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. எல்லாம் கண்ணாடி. இந்த வட்டத்துக்குள் ஒன்று, அந்த வட்டத்துக்குள் ஒன்று, என் நோட்டீஸில் இருந்தபடியே. பூட்டுக்கு ஏஜென்டாக வந்திருந்த ஊர்த் தெரு ஆண்கள் எழுந்து நின்று, செல்லாது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். காலனி ஜனத்துக்கு ஓட்டுக் குத்தக்கூடத் தெரியவில்லை, இவர்களுக்குத் தலைவர் பதவி ஒரு கேடா என்று கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

அதிகாரி அந்தக் கட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். ஒரே வேட்பாளரின் கட்டத்துக்குள் எத்தனை முத்திரை விழுந்தாலும் ஓட்டு அவருக்குத்தான், செல்லும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கட்டைச் சேர்த்த பிறகுதான் கண்ணாடி பூட்டைத் தாண்டியது.

முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்வதாக இங்கேதானே உட்கார்ந்து சொன்னார்? புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கேட்டேவிட்டேன்.

"என்னாக்கா, ஒண்ணுதான் குத்தணும்னு யாருக்கும் சொல்லலியா?"

"சொன்னேம்மா. எங்க தெருவுல ஒரு வூடு வுடல. அங்கியே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, நேத்து வந்து ஒவ்வொருத்தரா கேட்டும் பாத்துட்டேன், ஒருத்தருகூட ரெண்டு குத்தல."

அப்படியென்றால் குத்தியது யார் என்றேன். அந்த அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் காலெடுத்து வைக்க முடியாத ஊர்த் தெருவிலும் பெண்கள் இருந்தார்கள். களை எடுக்கிற இடத்தில் காலனிப் பெண்கள் நோட்டீஸை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நின்று விளக்கிச் சொல்ல முடியுமா? காகிதம் மட்டும்தான் கை மாறியது.

சிரித்த ஆண்களிடம் அங்கேயே இதைப் போட்டு உடைத்திருக்கலாமே என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அம்மா எங்கள் இருவரையும் விவரமில்லாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவங்க சிரிச்சிகினே இருந்தாங்க, நான் தலையக் குனிஞ்சிகினே நின்னேன். அவங்கவங்க வூட்டுப் பொம்பளைங்க குத்தனதும்மா அது. நான் வாயத் தொறந்தா, வூட்டுக்குப் போயி யாருக்கு அடி வுழும்?"