இரண்டு சைஸ் பெரிசு

உட்புறத்தை வெளியே புரட்டி, அடித்துணியை வாயருகே கொண்டுபோய் ரதிதேவி ஊதுகிறாள். மூச்சு மறுபக்கம் வருகிறதா என்று மற்றக் கையின் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். ஒக்லண்டின் மனுரேவாவில் ஒரு கடை, சனிக்கிழமை காலை, பெண்பிள்ளைகளின் உள்ளாடைப் பகுதி. பக்கத்தில் சொக்ஸ் தேடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தேடலைக் கைவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். கடைப் பெண்ணுக்கு இது பழகிவிட்டது. முதல் வாரம் மனேஜரைக் கூட்டிவந்தாள். இப்போது காலை வணக்கம் சொல்கிறாள்.

மாதவிடாய் நாட்களில் பாட் வைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு போய், பிறகு அலசித் துவைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கிற உள்ளாடை அது. பீரியட் அண்டர்வெயர் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ரதிதேவி பெயர் சொல்ல மாட்டாள். ‘அந்த உடுப்பு’ என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவாள். ஆனால் அந்த உடுப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அதை விற்கிறவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

கால் பட்டி தொடையை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் கழற்றினால் சிவந்த கோடு விழக் கூடாது. பட்டிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் போனால் பெரிசு, ஒரு விரலும் போகாவிட்டால் சின்னன். உறிஞ்சுகிற துணி பின்பக்கம் இடுப்பு வரைக்கும் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருவரும் கதிரையில் நிமிர்ந்து இருப்பதில்லை. நிறம் கறுப்பு. பூவும் பழமும் அச்சடித்தது பெட்டியில் பார்க்கத்தான் வடிவு. பள்ளிக்கூடப் பைக்குள் மாற்றுவதற்கு இன்னொன்றும், கழற்றியதைப் போட ஈரம் கசியாத சிறு பையும் கட்டாயம் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த சோதனை. குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கிற பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்று வைத்திருக்கிறாள். தண்ணீரில் சோதிப்பது பிரயோசனமில்லை என்பது அவள் கட்சி. தண்ணீர் ஓடிவிடும், ரத்தம் அப்படி ஓடாது. ஆகவே சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து, சிரிஞ்சில் எடுத்து, அடித்துணியில் சொட்டுச் சொட்டாக விடுவாள். கீழே வெள்ளை டிஷ்யூ தாள், மேலே ஐந்து கிலோ அரிசிப் பை. அரை மணித்தியாலம் கழித்துத் தாள் நனையாமல் இருந்தால் உடுப்பு பாஸ். லொறி ஓட்டுகிற அவள் கணவன் யசீகரன் ஒருநாள் அரிசிக்குக் கீழே என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவன் கராஜ் கதவால்தான் போய்வருகிறான்.

இந்தக் கெட்டித்தனம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. பிள்ளை பெரியவளான வீட்டிலிருந்தெல்லாம் தாய்மார் போன் எடுக்கிறார்கள். போன மாதம் பாபகூராவிலிருந்து அபர்ணா எடுத்தாள். கோயம்புத்தூர்ப் பெண், ஐடியில் வேலை, பதினொரு வயதில் ஒரு மகள். எந்தத் துணி, எப்படித் துவைப்பது, டிரையரில் போடலாமா என்று எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியாகக் கேட்டாள்.

“ஏங்க்கா, ஒரு சைஸ் பெரிசா எடுத்துட்டா ரெண்டு வருஷம் வருமில்ல? வளர்ற பொண்ணுதானே.”

ரதிதேவி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“வேண்டாம் அபர்ணா,” என்றாள் ரதிதேவி. “இண்டைக்கு இருக்கிற உடம்புக்கு எடுங்கோ.”

ஏன் என்று அபர்ணா கேட்டாள். ரதிதேவி பேச்சைக் கறிவேப்பிலைக் கன்றுக்குத் திருப்பிவிட்டாள்.

ரதிதேவிக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு லோன்ட்ரியில் வேலை. ஆஸ்பத்திரித் துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். முழங்கை வரை கையுறை போட்டு, விரிப்புகளை உதறி, கறை பார்த்துத் தரம் பிரிப்பது அவள் பகுதி. பதினாலு வருஷம். “ஒக்லண்ட் சனத்தில பாதிப் பேரின்ர ரத்தம் என்ர கையாலதான் போயிருக்கு,” என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவாள். எது பிரசவக் கட்டில் விரிப்பு, எது விபத்து, எது சத்திரசிகிச்சை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ரத்தத்துக்குச் சூடு காட்டக் கூடாது, பச்சைத் தண்ணிதான் என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளின் வீட்டில், தோய்த்த ‘அந்த உடுப்பு’ கொடியில் துவாய்க்குக் கீழே ஒளிந்துதான் காயும். ஒக்லண்ட் மழைக்கு அது காய மூன்று நாள் எடுக்கும். இத்தனைக்கும் மகள் கஜானி பெரியவளான சாமத்திய வீடு போன வருஷம் மண்டபம் எடுத்து, பல்லக்குச் சோடித்து, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டு நடந்தது. படம் பிடிக்க ட்ரோனும் பறந்தது. ஊருக்கெல்லாம் கார்ட் அடித்துச் சொன்ன விஷயம் கொடிக்குப் போகும்போது மட்டும் எப்படி இரகசியமாகிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் முறைத்திருப்பாள்.

இன்னொரு குணமும் உண்டு. எதை வாங்கினாலும் பெரிசாக வாங்குவாள். கஜானியின் சப்பாத்தின் நுனியில் எப்போதும் பஞ்சு அடைத்திருக்கும். குளிர்ச் சட்டையின் கை இரண்டு தரம் மடித்திருக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த வருஷங்களில் ஒரே வெள்ளைச் சட்டையை ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் போட்டவள் ரதிதேவி. தாய் அதை மடித்து மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்துவிட்டாள். அந்தத் தையல்தான் இவளுக்கும் வந்தது. இவள் தைத்தால் தையல் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

இந்தச் சித்திரையில் கஜானி, வகுப்பில் எல்லோரும் அந்த உடுப்புத்தான் போடுகிறார்கள், எனக்கும் வேண்டும் என்று கேட்டபோது ரதிதேவி மறுக்கவில்லை. கடைக்குப் போனாள். பதின்மூன்று வயது மெலிந்த பிள்ளைக்குப் பத்து-பன்னிரண்டு என்ற சைஸ் போதும். அவள் பதினாலு-பதினாறு எடுத்தாள். வீட்டில் மகள் போட்டுப் பார்த்து, காலில் தொங்குகிறது என்று ஆங்கிலத்தில் முறையிட்டாள். தாய் ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பில் இரண்டு மடிப்பு, கால் பட்டியில் பக்கத்துக்கு ஒரு மடிப்பு. அடுத்த வருஷம் ஒன்றை அவிழ்க்கலாம், அதற்கடுத்த வருஷம் மற்றதை. “என்ர கைத்தையல் லேசில பிரியாது,” என்று மகளிடம் கொடுத்தாள்.

அந்த உடுப்பில் உறிஞ்சுகிற துணிக்கு அடியில் ஈரம் விடாத ஒரு மெல்லிய படை ஒட்டியிருக்கும். மொத்தச் சூட்சுமமும் அதில்தான். கால் பட்டியை மடித்துத் தைத்தபோது ஊசி அதற்குள்ளால் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு துளையிலும் ஒரு பருத்தி நூல், விளக்குத் திரியைப் போல.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை விஞ்ஞான வகுப்பில் கஜானி உயரமான ஸ்டூலில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். எழும்பியபோது சாம்பல் நிறப் பாவாடையிலும் ஸ்டூலிலும் பட்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் நல்லவர். தன் ஜேர்சியைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டு, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க அந்த ஸ்டூலைத் துடைத்தார். சிரித்திருந்தால் பரவாயில்லை என்று கஜானி பிறகு சொன்னாள்.

வீட்டு வாசலில் ஜேர்சியோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்ததும் ரதிதேவி சொன்ன முதல் வசனம் இது: “ஸ்கேர்ட்டைக் கழட்டு, கறை பிடிக்க முந்திப் பச்சைத் தண்ணியில போட வேணும்.” பதினாலு வருஷப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டுவிட்டது. பிள்ளையைத் தொடவும் இல்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. பாவாடையையும் உள்ளாடையையும் வாங்கிக்கொண்டு லோன்ட்ரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அங்கேதான் கண்டாள். உள்ளாடையின் நடுப்பகுதி அடிப்பக்கம் சுத்தமாக, காய்ந்து இருந்தது. ரத்தம் வந்த வழி ஒன்றேயொன்று. அவளுடைய தையல் எங்கெங்கே போனதோ அங்கெல்லாம், ஒரு துளையும் தவறாமல், அது வெளியே வந்திருந்தது. கறை பார்த்துக் காரணம் சொல்கிறவளுக்கு இதை வாசிக்க ஒரு நொடி போதும்.

வெளியே வந்து, நேரத்துக்கு மாற்றியிருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று மகளை ஏசினாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. வெட்கம் என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது பொய். பிள்ளையின் தலையில் கட்டிய பொய். எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் அவளை மன்னிக்க மனம் வரவில்லை.

கஜானி அதை நம்பினாள். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, தனக்குத்தான் எல்லாரையும்விடக் கூடுதலாக ஓடுகிறது, எந்தத் துணியும் தாங்காது என்று முடிவு கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை, திங்கட்கிழமையும் போகவில்லை. ஏழு வாரம். வயிற்றுவலி என்று யசீகரன் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டான். வீட்டுக்குள்கூட அவள் சுவரோரமாகத்தான் நடக்கிறாள், யாருக்கும் முதுகு காட்டுவதில்லை. சோபாவில் இருப்பதில்லை, நிலத்தில் டைல்ஸில் இருக்கிறாள். ரதிதேவி சனிக்கிழமை தோறும் ஊதிப் பார்த்து, கஞ்சி விட்டுப் பார்த்து, சரியான சைஸில் ஒன்றொன்றாக வாங்கி மகளின் உடுப்பு அலுமாரி லாச்சியில் வைக்கிறாள். லாச்சி நிறைந்துவிட்டது. ஒன்றிலும் கை படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராதவள் வேறு என்ன செய்வாள், கடைக்குப் போவாள்.

போன புதன்கிழமை கஜானி தானாகவே டொக்டரிடம் போக வேண்டும் என்றாள். மனுரேவாவில் வழக்கமான கிளினிக், இளம் பெண் டொக்டர். தாய் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கஜானி நின்றுகொண்டே பேசினாள். எனக்கு இது இனி வரவே கூடாது, முழுக்க நிறுத்துவதற்கு மாத்திரை தாருங்கள் என்று தெளிவான ஆங்கிலத்தில் கேட்டாள். டொக்டர் பதறவில்லை. எத்தனை நாள், எத்தனை தரம் மாற்றுகிறாய், தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். விரல் நுனியில் குத்தி ரத்தச் சோதனையும் பார்த்தார். நீ சொல்வதைப் பார்த்தால் எல்லாருக்கும் வருகிற அளவுதான் உனக்கும் வருகிறது என்றார்.

அப்படியானால் ஒரு மணித்தியாலத்தில் ஏன் வெளியே வந்தது என்று கேட்டாள் கஜானி. டொக்டர் யோசித்தார். அந்த உடுப்பு பழுதில்லாமல் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அப்படி வரக் காரணமில்லை, பழுதாக இருந்ததா என்று கேட்டார். இல்லை, புதுசு என்றாள் கஜானி. “அப்ப நான்தான் பழுது,” என்று அவள் சொன்னது ஆங்கிலத்தில்தான். ரதிதேவிக்கு அது அப்படியே தமிழில் கேட்டது.

டொக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நிறுத்துகிற மருந்து இருக்கிறது, வேண்டுமென்றால் அதைப் பற்றிப் பேசலாம் என்று தொடங்கினார்.

ரதிதேவிக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. லோன்ட்ரி சூப்பர்வைசரோடு சண்டை பிடித்து வெல்லுகிற அளவுக்கு வரும். அன்றைக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

“பிள்ளையில ஒரு பிழையும் இல்லை,” என்றாள் தமிழில். “நான் தைச்சனான். ஊசி கீழ்த்துணிக்குள்ளால போயிட்டுது. அண்டைக்கே கண்டனான், கண்டும் சொல்லேல்லை.”

டொக்டர் கையை நிறுத்திவிட்டு, அம்மா என்ன சொல்கிறார் என்று கஜானியைக் கேட்டார். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பெரிய சொற்கள் வரும்போது தாய்க்கு மொழிபெயர்த்துப் பழகியவள் அவள்தான். கஜானி வாய் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்டர் இரண்டாம் தரமும் கேட்டார்.

ரதிதேவி கைப்பையை நிலத்தில் வைத்தாள். இடது உள்ளங்கையைத் துணியைப் போல மடியில் விரித்தாள். வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, இல்லாத ஊசியை அதில் குத்தி இழுத்தாள். திரும்பவும் குத்தி இழுத்தாள். டொக்டரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டே கை விளிம்பு முடியும் வரைக்கும் தைத்தாள். பிறகு குனிந்து, இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.