இரண்டாவது சரணத்தில் நிறுத்தினேன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பங்கு மண்டபத்தில் திருவிழாக் கலை நிகழ்ச்சி. பாட்டின் இரண்டாவது சரணம், மூன்றாவது வரியில் நான் கிற்றாரை நிறுத்தினேன். தடுமாறி அல்ல, மறந்தும் அல்ல... வேண்டுமென்றே. மண்டபம் நிறைய ஆட்கள். பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவர் என் மனைவி பிலோமினா.

இதைப் பெருமையாகச் சொல்ல வந்திருக்கிறேன். விளக்கம் தேவைப்படும், இல்லையா?

எனக்கு வயது நாற்பத்தெட்டு. துறைமுகக் காரியாலயத்தில் கோப்புகளோடு சீவியம். கிற்றார் பழகத் தொடங்கிப் பதினாலு மாதங்கள். பயிற்சியை நாள்வாரியாக எழுதி வைக்கத் தனிக் கொப்பி இருக்கிறது என்பதை இந்தப் பத்தியின் வழமையான வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். அதில் வெறுமையாகக் கிடப்பவை ஒன்பது நாட்கள். எட்டு நாள் காய்ச்சல். ஒரு நாள், மனைவி கொப்பியை ஒளித்து வைத்துவிட்டார்.

நைலோன் தந்திக் கிற்றாரை எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வாசிப்பார்கள். எல்லாத் தந்திகளையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பது. கலியாண வீட்டு பைலாப் பாட்டுக்கு அது போதும். ஆனால் எனக்குச் சொல்லித்தரும் றெஜினா ரீச்சர் அதற்கு விடவில்லை. மூதூரில் படிப்பிப்பவர், சனிக்கிழமைகளில் லோஞ்சுப் படகில் வருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கண்டிப்பில் மூத்தவர்.

"அடிக்கிறது பிறகு, அண்ணை. முதல்ல கிள்ளப் பழகுங்கோ."

தடித்த மூன்று தந்திகளும் பெருவிரலுக்கு. மெல்லிய மூன்றும் மற்ற மூன்று விரல்களுக்கு, ஆளுக்கொன்று. ஒருவர் மேசைக்கு மற்றவர் போகக்கூடாது — எங்கள் காரியாலயம் மாதிரி! இதற்காக வலக்கையில் நகம் வளர்த்தேன். ஸ்டோர் பொறுப்பாளர் என் கைகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு கையில மட்டும் நகமோ? பாதிச் சண்டைக்குத்தான் போறீங்களோ?" என்று கேட்டார்.

சரி, மனைவி விஷயத்துக்கு வருகிறேன்.

பிலோமினா நல்ல பாடகி. ஆனால் பதினொரு வருடமாகத் தனியாகப் பாடியதில்லை. அந்தக் காலத்தில் ஒரு திருவிழாவில் ஆர்மோனியக்காரர் வாசிப்பில் வழி தவறிப் போனார். ஊரோ, பிலோமினாவுக்குச் சுருதி போய்விட்டது என்று சொன்னது. அத்தோடு அவர் கூட்டுப் பாடகர்களின் பின்வரிசைக்குப் போய்விட்டார். இந்த முறை என்னை நம்பி மேடைக்கு வரச் சம்மதித்தார். ஒரு எச்சரிக்கையோடு.

"நடுவில விட்டிட்டு முழிச்சீங்கள் எண்டால், நான் இறங்கிப் போயிடுவன்."

திருவிழாவென்றால் எங்களுக்கு எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை, எனக்கு உடுத்தப் புது சேட். கிற்றாருக்கு மட்டும் பழைய தந்தியா? கடைகளில் தந்தி இல்லாத காலம் இது. வலைக்கடை சலீம் நானாவிடம் போய், மூன்று பருமனில் தங்கூசி வாங்கினேன் — மீன் பிடிக்கும் அதே நைலோன் நூல்தான். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து மெல்லிய தந்திகள் மூன்றையும் மாற்றிச் சுருதி கூட்டினேன். திருப்தி.

மேடையில் முதல் சரணம் பட்டுப் போல் போனது. இரண்டாவதில் ஏதோ கசந்தது. என் விரல்கள் சரி. தந்திகள்தான் மெல்ல மெல்லச் சுருதி இறங்கிக்கொண்டிருந்தன. பிலோமினாவோ தன் சுருதியிலேயே நின்றார். நின்றதுதான் ஆபத்து! முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடியும் பழி அவர் தலையில்.

என்ன செய்யலாம்? பைலா மாதிரி ஓங்கி அடித்தால் மூடி மறைக்கலாம். அது எனக்கும் தெரியும்...

நிறுத்தினேன். எழுந்து நின்றேன்.

"பாட்டு சரியாத்தான் போனது. பிழை என்ர தந்தியில. கொஞ்சம் பொறுங்கோ."

பதினாலு மாதத்தில் அதைவிட நீளமான இரண்டு நிமிடங்கள் எனக்கு இருந்ததில்லை. தந்தி கட்டிய ஆணிகளை முறுக்கிச் சுருதி கூட்டினேன். யாரோ இருமினார்கள். பிலோமினா இறங்கிப் போகவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிறகு அதே சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். அடுத்த இரண்டு சரணங்களுக்கு முன்னும் நான் முறுக்க, அவர் காத்திருந்தார். கடைசி வரியில் அவர் குரல் ஏறியபோது முன்வரிசைப் பெண்கள் என்னைப் பார்க்கவேயில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

திங்கட்கிழமை சலீம் நானாவிடம் முறையிட்டேன். சிரித்தார். புது நூல் முதலில் இழுபட்டு நீளுமாம். தூண்டில் கட்டுவதற்கு முன் மூன்று நாள் கல்லுக் கட்டித் தொங்கவிடுவார்களாம். "பருமன் சொன்னீங்க, நீளம் சொன்னீங்க. பாட்டுக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லலியே ஐயா." இத்தனை துல்லியமான மனிதன் நான்!

றெஜினா ரீச்சர் வேறு மாதிரிச் சொன்னார்: "போன வருஷம் எண்டால், சுருதி இறங்கினதே உங்களுக்குக் கேட்டிராது, அண்ணை." நகத்தைவிட மெதுவாகத்தான் காது வளர்ந்திருக்கிறது. ஆனாலும் வளர்ந்திருக்கிறது.

நேற்று பாடகர் குழுத் தலைவி வீட்டுக்கு வந்து, நத்தார்ப் பண்டிகைக்கும் பிலோமினா தனியாகப் பாட வேண்டும் என்று கேட்டார். ஆர்மோனியத்துக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறாராம்.

"இவர் வாசிச்சால் பாடுறன். இல்லாட்டி ஏலாது."

இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில், நான் இருந்தால்தான் ஆகும் என்று மனைவி சொன்ன முதல் காரியம் இது.