கோட்டைக்குக் கொடுத்த கடன்

என் வீட்டுக்காரருக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. கல்யாணமான புதிதில் அது எனக்குப் பிடித்திருந்தது. கோட்டைக்காரர்கள் கடன் கேட்டு வந்த வருஷம் அதுவே எரிச்சலாகிப் போனது.

பழவேற்காட்டில் அப்போது, கப்பலில் வந்த டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கட்டிய கோட்டைதான் எங்களுக்கு அரசாங்கம். செலவுக்குப் போதவில்லை என்று ஊராரிடம் பணம் வாங்கி, அரக்கு முத்திரை வைத்த காகிதம் கொடுத்தார்கள். வருஷம் முடிந்ததும் வட்டியோடு திரும்பி வருமாம். புதுப் படகுக்கு நாங்கள் சேர்த்து வைத்திருந்ததை இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அதோடு நின்றாரா? புருஷனை இழந்த தன் தங்கையிடமும் பேசி, அவள் காசையும் அங்கே போட வைத்தார்.

இவர் அப்படி நம்பியதற்குக் காரணம் எங்கள் பாடு. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதைத்தான் பாடு என்போம். யாருடைய முறையும் தவறாமல் வந்துவிடும். கோட்டைக் கடனும் அப்படித்தான் என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார். வருஷம் முடிந்ததும் கோட்டை வாசலில் தன் முறைக்காகப் போய் நின்றார். அடுத்த மாசம் வரச் சொன்னார்கள். அடுத்த மாசமும் போனார். அங்கே சண்டை போட்டவர்களுக்குக்கூட, எல்லார் முறையும் வரும் என்று சொல்லி இவர் சமாதானம் செய்தாராம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் காத்திருந்தேன். வெயிலில் கறுத்துப்போன முகத்தைப் பார்த்ததும் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

அதுவரை அந்தக் காகிதத்தைக் காசுபோல வாங்கிக்கொண்டு அரிசி தந்த மரக்காயர் கடையிலும், அதற்குள் அதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். விஷயம் ஊரெல்லாம் பரவியது. கோட்டை ஆட்கள் எங்கள் குப்பத்துக்கே வந்து, புதுக் கடன் கொடுப்பவர்களுக்குப் பழையதை முதலில் தீர்ப்போம், வட்டியும் கூட்டித் தருவோம் என்றார்கள். வட்டி ஏற ஏற எங்களுக்குப் பயம்தான் ஏறியது. ஒருவரும் காசு முடிச்சை அவிழ்க்கவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்த வாரமே எங்கள் பழைய படகின் அடிப்பலகை விட்டுப்போனது. இறால் பிடிக்க எங்கள் பாடு வர மூன்றே நாள் இருந்தது. அதைத் தவறவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அடுப்பு எரியாது. சும்மா கிடந்த படகு, இவர் தங்கையிடம் அவள் புருஷன் விட்டுப்போனது ஒன்றுதான். அவள் காசைத் தொலைத்துவிட்டு அவள் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்று இவர் நகரவே மாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் படகு கேட்டேன். இவர் தலை குனிந்தபடியே குறுக்கே பேசினார்.

"உன் காசையே எப்பத் திருப்பித் தருவேன்னு எனக்குத் தெரியல. இன்னாத்த நம்பி நீ படகு குடுப்ப?"

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், படகு தள்ளும் கோலை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தாள்.

"அவுங்க கப்பலேறிப் போயிடுவாங்க. நீ எங்கேண்ணே போவ?"

இவர் கோலைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.