கெபியடியில் தெரிந்த பச்சை ஒயர்

மாதாவை நம்புற எல்லார்கிட்டயும் இதைச் சொல்லாம எனக்கு மனசு ஆறாது. நான் ஆவூர்ல இருக்கேன். வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சு கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன் பண்றேன்.

கல்யாணமாகி ரொம்ப வருசம் காத்துக்கிடந்து போன வருசம்தான் எனக்கு வயித்துல தங்குச்சு. அதே நேரத்துல கம்ப்யூட்டர் ஷாக் அடிக்க ஆரம்பிச்சுது. சிபியூவைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும். ஆளக் கூப்பிட்டுப் பவர் சப்ளையை மாத்தியும் நிக்கல. மேசைக்கு மேல மாதா சுரூபம் இருக்குறதால நான் அங்க செருப்புப் போடவே மாட்டேன். வெறுங்காலோட, வயித்துப் புள்ளையோட, பயந்து பயந்துதான் உட்காருவேன்.

நெறமாசம். அன்னைக்குக் காலைல தரை தொடச்ச ஈரம் காயல. வீட்டுக்காரரு பின்னாடி தண்ணி மோட்டாரைப் போட்டாரு. நான் சிபியூல கை வச்சேன். அடிச்ச அடியில நாற்காலியோட சாஞ்சுட்டேன். அவரு ஓடியாந்து மெயினை ஆஃப் பண்ணாரு.

"ஸ்டெல்லா, புள்ள அசையுதா?"

"இல்லைங்க."

அவரு முகம் செத்துப்போச்சு. ஆட்டோ புடிக்க ஓடுனாரு.

நான் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல குகை மாதிரி கட்டி மாதாவை வச்சிருக்குற கெபிகிட்ட வந்து உட்கார்ந்தேன். புள்ள வேணும்னு நேர்ந்துக்கிட்டு, வயித்துல தங்குனதும் நாங்க கட்டுன கெபி. செபம் எதுவும் வாயில வரல. "அம்மா, நீ குடுத்தது. நீயே காப்பாத்து. இது எங்கிருந்து வருதுன்னு காட்டு"ன்னு தலையைக் கவுந்துக்கிட்டு அழுதேன். மெழுகு வழிஞ்ச மண்ணுல, பச்சை ஒயர் ஒண்ணு வெட்டுப்பட்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கெபி கட்டுனதுல இருந்துதான் ஷாக் அடிக்குதுன்னு அப்பத்தான் ஒறைச்சுது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வயித்துக்குள்ள ஒரு ஒதை. எனக்கு அழுகை நிக்கவே இல்ல.

புதுக்கோட்டைல ஸ்கேன் பண்ணி, புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னாங்க. கெபிக்கு அஸ்திவாரம் தோண்டுறப்ப கடப்பாரை பட்டு அந்தப் பச்சை எர்த் ஒயர் அறுந்திருக்கு. மோட்டார்ல கசிஞ்ச கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாம கம்ப்யூட்டருக்கு வந்திருக்குன்னு எலக்ட்ரீசியன் சொன்னாரு. புதுசா எர்த் போட்டு, கரண்டு கசிஞ்சா தானா நிக்கிற சுவிட்சும் வச்சோம்.

பயத்துல இருக்குறவங்க அழுதே கேளுங்க, கேட்டுட்டுக் காலடியையும் பாருங்க. இப்ப எம்மக தவழ்ந்து போயி அந்த சிபியூவைப் புடிச்சுத்தான் எந்திரிச்சு நிக்கிறா. ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரு போயிட்டு வருது. அவ சிரிக்கிறா.