ஆமை வாசலில் விட்ட செருப்பு

பெசன்ட் நகர் கடற்கரையருகே, பிரமாண்டமான இரும்பு ஆமையின் வயிற்றுக்குள் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அந்த ஆமையின் முதுகு முழுவதையும் வெல்டிங் செய்தவள் என் மகள். "பொண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று நாத்தனார் கேட்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

ஆமையின் வாய்தான் வாசல். அண்ணாந்து பார்த்தவள், என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"இன்னாம்மா, இது கோயில் இல்ல, மியூசியம்" என்று சிரித்தார் காவலாளி.

"தெரியும்ப்பா. என் பொண்ணு வெல்டிங் பண்ணது."

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் செருப்புக் குவியல். என்னைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றியிருக்கிறார்கள்! அதில் என் செருப்பை மட்டும் காணவில்லை.

புதிது வாங்கவில்லை. வெறுங்காலோடு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். செருப்பு எங்கே என்று அவள் கேட்டால்தானே நான் சொல்ல முடியும்?