ரசப் பாத்திரத்தில் ட்ரோன் றெக்கை

காலையில ரசம் வைக்கிற பாத்திரத்துல ட்ரோனோட நாலு நைலான் றெக்கையைப் போட்டு வேக வச்சேன்.

அக்கா மூடியைத் திறந்து பாத்துச்சு. "இன்னாடா இது?"

"காய்ஞ்ச நைலான் சட்டுனு உடையும்க்கா. தண்ணி குடிச்சா வளைஞ்சு குடுக்கும்."

"நெசமாவா?"

"தெரியல. இதான் கடைசி செட்டு."

சாயந்திரம் கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம், தங்கம் எடுத்த கழிவு மண்ணு குவிஞ்சு கெடக்குற சயனைடு மேட்டுல பறக்க விட்டேன். அக்கா ரிமோட்டைப் புடுங்குச்சு. ஒரே நிமிஷத்துல ட்ரோன் நேரா போய்ச் சரிவுல குத்துச்சு.

ஓடிப்போய் எடுத்துப் பாத்தேன். ஒரு றெக்கை லேசா வளைஞ்சிருந்துச்சு. எதுவும் உடையல.

"இன்னொரு வாட்டி விடட்டா?"ன்னு கேட்ட அதே அக்கா, பாத்திரத்தை மட்டும் சமையலுக்குச் சேக்க மாட்டேன்னுடுச்சு.

யார் வீட்லயாவது பழைய குண்டான் இருக்கா? ட்ரோன் காலுங்களும் நைலான்தான். அதையும் வேக வைக்கணும்.