அப்பா மனப்பாடம் செய்த இலக்கம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று தம்பிமார் பேசிக்கொண்டபோது, மூத்த பிள்ளை நான், நானே எழுதுகிறேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. உறவுகளே, கடைசிவரை வாசியுங்கள்.

அப்பா திரியாயில் ஒரு வயல்காரக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனை இழந்தார். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் திருகோணமலைக்கு வந்து, துறைமுகக் கரையில் ஒரு பட்டறையில் படகு எஞ்சின் திருத்தும் வேலை பழகினார். பின்னர் கட்டைபறிச்சானைச் சேர்ந்த எங்கள் அம்மாவைக் கைப்பிடித்து, வீட்டோடு சேர்த்துச் சொந்தமாக ஒரு பட்டறையும் போட்டார். கெட்டுப்போன எஞ்சினைத் தட்டிப் பார்த்தே இன்ன நோய் என்று சொல்லிவிடுவார். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் பொய் மட்டும் அவர் வாயில் வராது. எவராக இருந்தாலும் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிப்போடுவார்.

யுத்தம் வந்தது. திரியாய் எரிந்து, அப்பாவின் சொந்தங்கள் எல்லாம் மூட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரையும் அவர் போகச் சொல்லவில்லை. கடலுக்குப் போகத் தடை போட்டபின் பட்டறையில் வேலையும் இல்லை. அப்படி ஒரு நாள்தான் அந்தப் புறா எங்கள் தகரக் கூரையில் வந்து விழுந்தது.

சாம்பல் நிறம். இடது இறக்கை கிழிந்து இரத்தம் வடிந்தது. காலில் ஒரு அலுமினிய வளையம், அதில் இங்கிலீசு எழுத்தும் இலக்கங்களும். அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார். "ஆரோ பிள்ளை மாதிரி வளர்த்தது. பந்தயம் விடுற புறா. வழி தவறிப்போச்சு," என்றார். அடுத்த வளவில் தையல் கடை வைத்திருந்த பரீத் நானாவைக் கூப்பிட்டார். கிண்ணியா முஸ்லிமான அவரை நாங்கள் நானா, அண்ணன் என்றே கூப்பிடுவோம்; அப்பாவுக்குக் கூடப் பிறக்காத தம்பி. வெட்டுத்துணியில் மெல்லிய பட்டி கிழித்து, இறக்கையை மடித்து உடம்போடு சேர்த்து அவர்தான் கட்டினார். அப்பா மஞ்சள் பூசினார். ஒரு மாஜரின் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, பயறும் நெல்லும் தண்ணீரும் வைத்தோம்.

வளையத்தைக் கண்டதிலிருந்து நானாவுக்கு மனம் சரியில்லை.

"அண்ணன், இந்தக் காலத்துல கால்ல நம்பர் போட்ட புறா வீட்டில இருக்கிறது நல்லதில்ல. இயக்கத்துக்குக் கடிதம் கொண்டு போறது எண்டு சொல்லுவாங்க. வளையத்த வெட்டி எறிஞ்சிருங்க."

"வெட்டினா இது ஆருடைய புறா எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது? இதைத் தேடி ஒருத்தன் கூட்டடியில நிண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பான், தம்பி. பாதை திறக்கட்டும், கொழும்புக்குப் போற ஆரிட்டையும் நம்பரைக் குடுத்து விசாரிப்பம்," என்றார் அப்பா. அந்த இலக்கத்தை அவர் மனப்பாடம் செய்துகொண்டார். கடதாசியில் எழுதினால் தொலைந்துபோகுமாம்.

இரண்டு கிழமை போனது. ஒரு பின்னேரம் நானா வந்து இறக்கைக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, புதிதாகக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் விடியப் படையினரின் சுற்றிவளைப்பு.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். சிறுபிள்ளை அல்ல. எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும், அப்பா முன்வாசலுக்குப் போனார், நான் பின்னால் பட்டறைக்குள் ஓடினேன். தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து, குசினிப் பின்வாசலில் வைத்துப் புறாவின் வளையத்தை வெட்டினேன். கக்கூசுக் குழிக்குள் போட்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன்.

படையினர் குசினிக்குள் வந்து பெட்டியைத் திறந்தார்கள். துறைமுகத்தில் பழகிய சிங்களம் அப்பாவுக்கு நன்றாகப் பேச வரும். ஒன்றும் மறைக்காமல் சொன்னார்: இது வழி தவறிய புறா, கொழும்புப் பக்கத்து ஆள் ஒருவருடையதாக இருக்கும், காலில் வளையம் இருக்கிறது, நம்பர் இதுதான். சொல்லிவிட்டு எழுத்தையும் இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். அதிகாரி புறாவைத் தூக்கிக் காலைப் பார்த்தார். வெறுங்கால். அப்பாவும் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவேன்! வளையமே இல்லாத புறாவுக்கு ஒரு மனிதன் இலக்கம் சொல்கிறான். அதிகாரி அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். "வெட்டினது நான்" என்று சொல்லியிருக்கலாம். அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எட்டு மாதம். அந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். அம்மாவோடு முகாம் முகாமாக அலைந்தவர் பரீத் நானா. கடையைப் பூட்டிவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று, மனுக் கொடுத்து, அப்பாவை மீட்டுத் தந்தவர்களில் முதல் ஆள் அவர்தான். புறாவையும் அவரே கொண்டுபோய்ப் பராமரித்து, இறக்கை ஆறியதும் பறக்கவிட்டார்.

அப்பா வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. வலது கை விரல்கள் எஞ்சின் திருத்தும் சாவியைப் பிடிக்க ஏலாதபடி வளைந்திருந்தன. எஞ்சின் வேலை அதோடு முடிந்தது. நானா ஓடி வந்து "அண்ணன்!" என்று கையைப் பிடித்தார். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"வெட்டச் சொன்னவன் அவன். கடைசியாப் புறாவைத் தொட்டவனும் அவன். பயத்தில வெட்டிப்போட்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! செய்த குற்றத்துக்குத்தான் பின்னால ஓடித் திரிஞ்சிருக்கிறான்," என்று அம்மாவிடம் சொன்னார். அந்தக் கதை சொந்தம் முழுக்கப் பரவியது. நானாவின் கடையில் எங்கள் ஆட்கள் துணி தைக்கக் கொடுப்பதை விட்டார்கள். என் கலியாணத்துக்கு அவர் வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா கண் மூடியபோது ஒழுங்கையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று நான் இருபது வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு முறையும் அப்பாவின் விரல்களைக் கண்டால் வேறு கதைக்கு மாறிவிடுவேன். என்னைப்போல ஒரு கோழை எங்கள் பரம்பரையில் இல்லை.

கடைசி நாட்களில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு காலை, கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, "பரீத்தை ஒருக்கா வரச் சொல்லு பிள்ளை," என்றார். "ஏன் அப்பா?" என்றேன். "ஏனடா வெட்டினனீ எண்டு கேக்கோணும். ஓம் எண்டு சொன்னாக் காணும், நான் மன்னிச்சிடுவன்."

"நாளைக்குப் பார்ப்பம் அப்பா," என்றேன். அன்று பின்னேரமே அவர் போய்விட்டார்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்த அயலவர்க்கும், திரியாயிலும் கட்டைபறிச்சானிலுமிருந்து வந்த சொந்தங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து துயர் பகிர்ந்தோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பரீத் நானாவுக்கு நன்றி என்று எழுத எனக்கு வாயில்லை. அவர் குற்றமற்றவர் என்று எழுத மட்டும் கடமை இருக்கிறது. அவரிடம் முகம் திருப்பியவர்கள் போய் அவரோடு கதையுங்கள். முகம் திருப்ப வேண்டியது என்னிடம்தான்.

செத்த வீட்டன்றும் அவர் ஒழுங்கையில்தான் நின்றார். போய் அவர் முன்னால் நின்று, "நானா, வெட்டினது நான்," என்றேன்.

"தெரியும் புள்ள. வேலிக்கு மேலால பார்த்தனான். நான் சொன்னா உன்னோடயும் கதைக்காம விட்டிருவார் எண்டு இருந்திட்டன்." பந்தலைப் பார்த்தபடி, "கடைசியில என்னைப் பத்தி ஏதும் கேட்டாரா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கூப்பிட்டிருக்கலாமே புள்ள. வந்து, ஓம் நான்தான் எண்டு சொல்லியிருப்பனே."